வலிக்காத கால்

நெல்லிவாசல்,
12-8-1983

தங்கை மாதம்மாளுக்கு அண்ணன் சின்னராசு எழுதிக்கொண்டது.

இங்கே மழை பரவாயில்லை. சாமைப் பயிர் ஒரு முழம் வந்திருக்கிறது. உன் அண்ணி பச்சையம்மா இருக்கிறாள், மாடுகள் இருக்கின்றன. ஐந்து வருஷமாகக் கடிதம் போடாதவன் இப்போது எதற்குப் போடுகிறான் என்று நினைப்பாய். காரணம் இல்லாமல் போடவில்லை.

வலது காலில், கட்டைவிரலுக்குக் கீழே உள்ளங்காலில் ஒரு புண். சித்திரையில் முள் குத்தியது. குத்தியதே எனக்குத் தெரியவில்லை. காட்டிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு பச்சையம்மா, "இன்னா இது, வூடு பூரா ரத்தமா கீது?" என்று கத்தினாள். அப்போதுதான் பார்த்தேன். முள்ளைப் பிடுங்கிப் போட்டேன். துளி வலி இல்லை. வலிக்காத புண் தானாக ஆறும் என்று விட்டுவிட்டேன். ஆறவில்லை. இப்போது ஒரு புளியங்கொட்டை உட்காரும் அளவுக்குக் குழி விழுந்திருக்கிறது.

ஆலங்காயத்தில் காட்டினேன். மூத்திரத்தை ஏதோ நீலத் தண்ணீரில் விட்டுக் காய்ச்சினார்கள். செங்கல் நிறமாகிவிட்டது. சர்க்கரை வியாதி என்று மாத்திரை கொடுத்தார்கள். புண்ணுக்குத் தினமும் வந்து கட்டு மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். தினமும் மலை இறங்கி மலை ஏற இங்கே யாரால் ஆகும்?

நீ கட்டுக் கட்டுகிற வேலையில்தானே இருக்கிறாய். என்ன மருந்து வைக்கலாம் என்று எழுது. ஒன்று மட்டும். உறையின் மேல் உன் ஆஸ்பத்திரி முத்திரை இருக்கக் கூடாது. தபால்காரர் துரைக்கண்ணு உறையை முன்னும் பின்னும் படித்து வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வருகிற ஆள். எனக்குக் குஷ்டரோக ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் என்று தெரிந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாதா?

சின்னராசு

*

ஒடுகத்தூர்,
22-8-1983

சின்னராசு அண்ணன் அவர்களுக்கு மாதம்மாள் எழுதுவது.

உங்கள் கடிதம் வந்தது. கடையில் வெறும் உறை வாங்கித்தான் இதை அனுப்புகிறேன்.

புண்ணைப் பார்க்காமல் மருந்து சொல்லும் வழக்கம் இங்கே இல்லை. நேரில் வர வேண்டும். சர்க்கரை அதிகமாகி நாள்பட்டுப்போனால் கால் நரம்பு மரத்துவிடும் என்று எங்கள் ராஜேந்திரன் டாக்டர் சொல்கிறார். குஷ்டத்தில் மரத்துப்போவது வேறு, இது வேறு. ஆனால் புண் வரும் வழி ஒன்றுதான். கல் குத்துகிறது, முள் குத்துகிறது, ஆள் நடந்துகொண்டே இருக்கிறார். வலிக்கவில்லை என்பதை நல்ல சேதி மாதிரி எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் இங்கே அதைத்தான் முதலில் கெட்ட சேதி என்று எழுதிக்கொள்வோம்.

நான் மேலே வந்து பார்க்க முடியாது. அம்மாவை எடுத்த அன்று வந்ததோடு சரி. நீங்கள்தான் இறங்கி வர வேண்டும். ஆலங்காயம் வந்து பஸ் மாறினால் சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மாதம்மாள்

*

நெல்லிவாசல்,
15-9-1983

தங்கை மாதம்மாளுக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். உன் ஆஸ்பத்திரி கேட்டுக்குள் நான் வராததில் உனக்கு வருத்தம் இருக்கும். என்னைத் தெரிந்த வாணியம்பாடி ஆட்கள் இரண்டு பேர் அந்தப் பக்கமாக நின்றுகொண்டிருந்தார்கள். எதிரே டீக்கடைப் பின்புறம் பெஞ்சில் என்னை உட்காரவைத்து நீ கட்டுப் போட்டாய். உன் டாக்டரும் ரோட்டைத் தாண்டி வந்து என் காலைப் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லிக் கோழி இறகால் தடவினாராம். அவர் தடவுவார் தடவுவார் என்று நான் காத்துக்கொண்டே இருந்தேன். கண்ணைத் திறந்தால், ஆயிற்று, எழுந்திரு என்கிறார். படித்த மனுஷர், தலைக்கனம் இல்லை. அதைச் சொல்ல வேண்டும்.

ஆனால் அது என்ன, நீங்கள் வாங்கள் போங்கள் என்று? கடிதத்தில்தான் அப்படி என்றால் பெஞ்சிலும் அப்படியே பேசினாய். நான் என்ன தாசில்தாரா?

அடுத்தது உன் கட்டைப் பற்றி. நீ சொன்னபடி சில நாள் விட்டுப் பிரித்தேன். வழவழவென்று கையோடு வந்துவிட்டது. துணி ஒட்டவே இல்லை. ரத்தமும் இல்லை, எரிச்சலும் இல்லை. மருந்து என்றால் சுரீரென்று பிடிக்க வேண்டாமா? பச்சையம்மாவும், "இது இன்னா மருந்து, வெண்ணெ தடவினாப்ல கீது" என்றாள். ஆகையால் மயில்துத்தம் பொடித்து, கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்துக் குழியில் வைத்தேன். மாட்டுப் புண்ணுக்கு வைத்தால் மாடு கட்டுத்தறியைப் பிடுங்கும். எனக்கு அதுவும் சுரீரென்று பிடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சேர்த்து வைத்தேன். பிடிக்கவில்லை. இப்போது புண்ணின் ஓரம் வெள்ளையாக இருக்கிறது. இது நல்லதா?

நீ கொடுத்த கறுப்பு ரப்பர் செருப்பு பரணில் இருக்கிறது. அந்தச் செருப்பை யார் போடுவார்கள் என்று இந்த மலைக்கே தெரியும்.

சின்னராசு

*

ஒடுகத்தூர்,
24-9-1983

சின்னராசு அண்ணன் அவர்களுக்கு,

நல்லதில்லை. ஓரத்தில் இருக்கும் வெள்ளை வெந்துபோன சதை. துத்தமும் சுண்ணாம்பும் வேக வைத்தது. எரியவில்லை என்று மேலும் மேலும் வைத்திருக்கிறீர்கள். உங்கள் காலுக்கு நெருப்பே வைத்தாலும் எரியாது. அடுப்பின் பக்கம் காலை நீட்டி உட்காராதீர்கள் என்றும் இதோடு எழுதிவிடுகிறேன். அங்கே குளிர ஆரம்பித்திருக்கும்.

கட்டைப் பற்றிக் கேலி செய்திருக்கிறீர்கள். அந்த வெண்ணெய்க் கட்டு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது மருந்துத் தண்ணீரில் நனைத்த துணியைப் புண்ணில் திணிப்போம். அது இரவில் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். காலையில் பிடித்து இழுப்போம். ரத்தம் வரும். புண் சுத்தமானது என்று நினைத்துக்கொள்வோம். வலி உள்ளவர்களாக இருந்தால் முதல் நாளே கத்தி ஊரைக் கூட்டியிருப்பார்கள். எங்களிடம் வருகிறவர்கள் ஒருத்தரும் கத்தவில்லை. பீடி குடித்துக்கொண்டு ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பார்கள். இரவெல்லாம் முளைத்த புதுத் தோலைத்தான் காலையில் நாங்கள் பிய்த்து வாளியில் போட்டுக்கொண்டிருந்தோம் என்பது வெகுநாள் யாருக்கும் உறைக்கவே இல்லை.

போன வருஷம்தான் டாக்டர் மாற்றினார். துணியில் வாசலின் தடவி டப்பாவில் அடைத்து வேக வைக்கிறோம். அதற்கு மேல் பஞ்சு. அதற்கும் மேல், புண் இருக்கும் இடத்தில் ஓட்டை போட்ட தடித்த கம்பளி. உடம்பின் பாரம் சுற்றி விழும், புண்ணில் விழாது. தினமும் பிரிக்கக் கூடாது. குஷ்டக்காரர்களுக்குப் புண் மூடுகிறது. சர்க்கரைக் காலில் ரத்த ஓட்டம் குறைவு, அதற்கு இது போதுமா என்று டாக்டருக்கே இன்னும் தெரியாது. உங்கள் கால்தான் அவருக்கு முதல் சர்க்கரைக் கால். நிஜத்தைச் சொல்லிவிட வேண்டும் என்றார், சொல்லிவிட்டேன்.

நீங்கள் என்று ஏன் எழுதுகிறேன் என்று கேட்டீர்கள். கோபத்தில் இல்லை. அம்மாவை எடுத்த அன்று என்னைப் புளியமரத்தடியிலேயே நிறுத்தினீர்கள். "நீ தொட்டா ஊர்ல ஒருத்தன் தோள் குடுக்க மாட்டான், அங்கியே நில்லு" என்றீர்கள். நின்றேன். பாடை எட்டத்திலேயே என்னைத் தாண்டிப் போனது. முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு இறங்கி வந்து பஸ் ஏறினேன், மறுநாள் வேலைக்குப் போனேன். அழுகை வரவில்லை. இன்று வரைக்கும் வரவில்லை. அதை நினைத்தால் மரக்கட்டை மாதிரி இருக்கிறது. ஆறிவிட்டது என்று யாரிடமாவது சொன்னால் நம்பிவிடுவார்கள். நான் இந்த வேலை பார்ப்பவள், எனக்கு நம்பிக்கை இல்லை.

புதிய கட்டுகள் ஆலங்காயம் மளிகைக்கடைக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பழைய செய்தித்தாளில் சுற்றி, மேலே சணல் கட்டியிருக்கிறது. முத்திரை இல்லை. வாங்கிக்கொள்ளுங்கள். செருப்பைப் பரணிலிருந்து இறக்குங்கள். கட்டுக்கு வெளியே வீக்கமோ புதுப் புண்ணோ உண்டா என்று தினம் சாயங்காலம் அண்ணி உங்கள் உள்ளங்காலை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உங்கள் கால் உங்களிடம் ஒன்றும் சொல்லாது. அவர்தான் சொல்ல வேண்டும்.

மாதம்மாள்

*

நெல்லிவாசல்,
20-10-1983

தங்கை மாதம்மாளுக்கு,

கட்டு வாங்கிக்கொண்டேன். துத்தத்தைத் தூக்கிப் போட்டுவிட்டேன். அடுப்படியில் உட்கார்வதையும் விட்டுவிட்டேன். பச்சையம்மா தினம் சாயங்காலம் என்னை வாசலில் மல்லாக்கப் போட்டு, மாடு வாங்குகிறவன் பல்லைப் பார்ப்பதுபோல் என் காலைப் பார்க்கிறாள். முதலில் முகத்தைச் சுளித்தாள். இப்போது அவளே கட்டுகிறாள்.

நேற்று, "மேடேறிக்கினு வருதுங்க, தக்காளி கலர்ல கீது" என்றாள். குழியில் இப்போது அரைப் புளியங்கொட்டை கூட உட்காராது. இதை உன் டாக்டரிடம் சொல்.

வேறு ஒரு தொல்லை. செருப்பை வீட்டுக் கொல்லையில் மட்டும் போட்டுக்கொண்டு நடந்தேன். துரைக்கண்ணு பார்த்துவிட்டார். அவர் பார்த்தால் தண்டோரா தேவையில்லை. ஊர்க்கவுண்டர் கோபால்சாமி என்னைக் கூப்பிட்டு, "இன்னாப்பா, தங்கச்சி வேல உன் காலுக்கு வந்துச்சா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். சர்க்கரை என்றேன். "சக்கரைக்கு எவன்பா மலையில செருப்பு மாட்டறான்?" என்றார். ஊற்றில் பச்சையம்மா குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தைத் தள்ளிவைக்கிறார்களாம்.

கார்த்திகையில் சாமை அறுப்பு. களம் வருகிறது. நான் ரொம்பப் பேசுகிற ஆள் இல்லை. ஆனால் யோசனையாக இருக்கிறது.

அம்மாவை எடுத்த அன்றைப் பற்றி நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

சின்னராசு

*

ஒடுகத்தூர்,
2-11-1983

சின்னராசு அண்ணன் அவர்களுக்கு,

தக்காளி நிறம் என்று அண்ணி சொன்னதை டாக்டரிடம் அப்படியே சொன்னேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். சர்க்கரைக் காலுக்கும் இந்தக் கட்டு பிடிக்கிறது என்றால் இன்னும் பல பேருக்குக் கொடுக்கலாம் என்றார். உங்கள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். ஊர்ப் பெயர் வேண்டாம் என்றேன், எழுதவில்லை.

களத்துக்குத்தான் இந்தக் கடிதம். நம் ஊரில் முதல் சாமைப் போரை வீட்டுக்காரன் வெறுங்காலால் மிதித்துக் கொடுத்த பிறகுதான் களத்தில் மாடு இறங்கும், காலில் செருப்போ துணியோ இருக்கக் கூடாது. எனக்குத் தெரியாததில்லை. இந்த வருஷம் நீங்கள் மிதிக்கக் கூடாது. அண்ணியின் தம்பியை மிதிக்கச் சொல்லுங்கள். சாமி கோபித்துக்கொள்ளும் என்றால் என் மேல் கோபித்துக்கொள்ளட்டும்.

புதுச்சதை ஈரமண் போன்றது. சாமைத் தாள் ஒன்று கிழித்தால் போதும். மூடிக்கொண்டு வரும்போது கெடுத்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறதே என்றுதான் நடந்தார்கள்.

மாதம்மாள்

*

நெல்லிவாசல்,
5-12-1983

தங்கை மாதம்மாளுக்கு,

களம் முடிந்தது. நான்தான் மிதித்தேன்.

திட்டுவாய். திட்டுவதற்கு முன் கேள். அறுப்புக்கு ஒருத்தரும் வரவில்லை. யார் வீட்டுக் கதிரையும் இந்த ஊரில் தனியாக அறுத்ததில்லை. எங்கள் கதிரை நானும் பச்சையம்மாவும் அவள் தம்பியும் அறுத்தோம். போர் போட்ட அன்று கோபால்சாமி நாலு பேரோடு வந்து களத்து ஓரத்தில் நின்றார். "நீ மிதிக்கறியா, மச்சான் மிதிக்கறானா?" என்று கேட்டார். அதற்கு அர்த்தம் என்ன என்று உனக்குத் தெரியும். நான் கட்டைப் பிரித்தேன். கம்பளியைப் பச்சையம்மா கையில் கொடுத்தேன். அவள் என் கையைப் பிடித்தாள், உதறிவிட்டேன். எல்லார் முன்னாலும் வெறுங்காலோடு இறங்கினேன்.

பொழுது சாயும் வரைக்கும் மிதித்தேன். நொண்டவில்லை. வலித்தால்தானே நொண்டுவதற்கு? கோபால்சாமி கிட்டே வந்து, "கால்ல ஒன்னும் இல்லப்பா, நம்ம ஆளுதான்" என்று சொல்லிவிட்டு வெற்றிலை கொடுத்தார். மறுநாள் களத்துக்கு ஊரே வந்தது. பச்சையம்மா ஊற்றில் தள்ளி நிற்க வேண்டியதில்லை. எனக்கு அது போதும் என்று தோன்றியது.

கட்டைத் திரும்பக் கட்டிவிட்டோம். குழியிலிருந்து சாமைத் தாள் கொஞ்சம் எடுத்தாள். சின்னக் கல் ஒன்றும் இருந்தது. இரண்டு நாளாக நாற்றம் இருக்கிறது என்கிறாள். பக்கத்து விரல் கறுத்திருக்கிறது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் காய்ச்சல். பனி ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

சின்னராசு

*

ஒடுகத்தூர்,
14-12-1983

அண்ணிக்கு மாதம்மாள் எழுதி ஆள் கையில் கொடுத்தனுப்புவது. அண்ணனுக்கு இதைப் படிக்கக் கொடுக்க வேண்டாம், உங்கள் தம்பியைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

காய்ச்சல் பனியால் இல்லை. இந்தக் கடிதம் வந்த நிமிஷமே கிளம்ப வேண்டும். நடக்கவிடக் கூடாது. தூளி கட்டி ஆள் வைத்துத் தூக்குங்கள், இல்லை என்றால் ஜீப்பு. என்னிடம் கொண்டுவர வேண்டாம், வழி தூரம். ஆலங்காயத்திலிருந்து நேராகக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நான் அங்கே வந்துவிடுகிறேன்.

நான் அங்கே நிற்பதை அண்ணன் விரும்பாவிட்டால் வெளியே நிற்கிறேன். அதைப் பற்றி இப்போது பேச்சு வேண்டாம்.

மாதம்மாள்

*

நெல்லிவாசல்,
9-2-1984

தங்கை மாதம்மாளுக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டோம். கட்டைவிரலும் அடுத்ததும் இல்லை. இருந்த இடத்தைப் பார்க்கிறேன். யாருடைய காலையோ பார்ப்பதுபோல இருக்கிறது. வருத்தம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்று முதலில் சொன்னார்களாம். நீ அந்த டாக்டரிடம் நின்று நின்று பேசி, உன் ராஜேந்திரன் டாக்டரை வரவழைத்து, விரலோடு பார்க்கலாம் என்று ஒப்புக்கொள்ள வைத்தாயாம். பச்சையம்மா சொன்னாள். நான் கண் விழித்தபோது நீ இல்லை. "வராந்தாவுல இருந்தா, நீங்க முழிச்சதும் கிளம்பிட்டா" என்றாள் பச்சையம்மா. ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்க நினைத்தேன். கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

வெட்டிய இடம் இன்னும் திறந்துதான் இருக்கிறது. மூடாவிட்டால் முழங்காலுக்குக் கீழே என்று திரும்பவும் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நீ கொடுத்த கட்டுதான் போடுகிறோம். எலும்பு தெரிகிற இடத்தில் எப்படி வைப்பது என்று பச்சையம்மாவுக்குத் தெரியவில்லை.

களத்தில் காட்டியதெல்லாம் வீணாகிவிட்டது. விரல் போன பிறகு இங்கே யாரிடமும் சர்க்கரை என்று சொல்ல முடியவில்லை. விரல் போவது எந்த வியாதியில் என்று எல்லாருக்கும் தெரியுமாம். நேற்று கோபால்சாமி என்னை விசாரிக்க வந்தார். நல்ல மனுஷர், வந்தாரே. புளியமரத்தடியில் நின்றே, "உடம்ப பாத்துக்கோப்பா" என்று சத்தம் போட்டுச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். நான் வாசலில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மரத்துக்கும் என் வாசலுக்கும் எவ்வளவு தூரம் என்று இதுவரைக்கும் நான் பார்த்ததே இல்லை, மாதம்மா. அங்கிருந்து பார்த்தால் பாடையில் இருக்கிறவர் முகம் தெரியாது.

கறுப்புச் செருப்பை எடுத்து வாசல்படியில் வைத்திருக்கிறேன். உள்ளே வைக்கவில்லை. துரைக்கண்ணு பார்க்கட்டும்.

நீ வருவாயா என்று கேட்கவில்லை. வந்தால், மரத்தடியில் நிற்காதே. நேராக வீட்டுக்குள்ளே வா. இந்தக் கடிதத்துக்குப் பதில் போட்டால் உன் ஆஸ்பத்திரி முத்திரை வைத்தே போடு.

சின்னராசு

*

ஒடுகத்தூர்,
20-2-1984

அண்ணா,

முத்திரை வைத்திருக்கிறேன், பார். இரண்டு இடத்தில்.

உன் கடிதத்தைக் கட்டுக் கட்டும் அறையில் நின்றபடி படித்தேன். பாடையில் இருக்கிறவர் முகம் தெரியாது என்று நீ எழுதிய இடத்துக்கு வந்ததும் கையிலிருந்த கிண்ணத்தைச் சுவரில் எறிந்துவிட்டேன். எல்லாரும் ஓடி வந்தார்கள். நானா என்று பார்த்தார்கள். இத்தனை வருஷத்தில் நான் குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது, அண்ணா. நல்ல கோபம். உன் மேல், அந்தக் கோபால்சாமி மேல், சத்தம் போடாமல் நின்ற என் மேல். உடம்பெல்லாம் வலிக்கிறது. ராத்திரி தூங்கவில்லை.

அம்மா முகத்தை இனி நீ எனக்குக் காட்ட முடியாது. அதற்காக உன்னைச் சும்மா விடவும் மாட்டேன். அது வேறு, உன் கால் வேறு.

சனிக்கிழமை வருகிறேன். லீவு சொல்லிவிட்டேன், புண் மூடுகிற வரைக்கும் இருப்பேன். மூடும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். டாக்டரும் செய்யவில்லை. வெள்ளைச் சேலையில்தான் வருவேன், கட்டுப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஊர் நடுவாகத்தான் வருவேன். வீட்டுக்குள் வந்து முதலில் உட்கார்ந்து அழுவேன். யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம். அழுது முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு காலைப் பார்க்கிறேன்.

அண்ணியைத் தண்ணீர் கொதிக்க வைத்து மூடி ஆறவிடச் சொல். நான் வரும்வரை கட்டைப் பிரிக்காதே.

மாதம்மா